பரிசலுக்கும் தூண்டிலுக்கும் நடுவே

மைசூரு மண்டி மொஹல்லாவிலிருந்து பெங்களூரு சாலையைப் பிடித்தால் 15 கிலோமீட்டர் போல, காவிரி வந்துவிடும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடி, கிழக்கே சங்கமத்தில் மறுபடி ஒன்று சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் போனால் அந்தத் தண்ணீருக்கு எத்தனை உரிமைக்காரர்கள் என்று தெரியும். அஸ்தி கரைக்க வந்த குடும்பம் படியில் நிற்கும். கொஞ்சம் தள்ளி ஒருவர் துணி துவைப்பார். பரிசல் சவாரிக்குப் பிள்ளைகள் அடம்பிடிக்கும். பாறை மேலே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூண்டிலோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் அடிக்கடி உரசிக்கொள்கிறவர்கள் கடைசி இரண்டு கூட்டத்தார்: பரிசலில் போகிறவர்களும் கரையில் தூண்டில் போடுகிறவர்களும். வேண்டுமென்று யாரும் வம்புக்குப் போவதில்லை. ஒருவருடைய இடம் எதுவரை என்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஆகவே முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடுவோம்.

தூண்டில்காரர் உட்கார்ந்திருக்கும் பாறை மட்டும் அவர் இடமாகாது. அவர் வீசிய முள் எங்கே கிடக்கிறதோ அதுவரை அவர் இடம். மூங்கில் கம்பும் தக்கையும் வைத்துக்கொண்டு ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறவருக்கு அது கரையோரம் பத்துப் பதினைந்து அடிதான். ரீல் வைத்த கம்பில் ஈயக்குண்டு கட்டி, ராகி மாவையோ மைதாவையோ உருட்டி வைத்து, கட்லாவுக்கும் ரோகுவுக்கும் காத்திருக்கிறவருக்கு நடு ஆறு வரை போகும். தக்கை மிதந்தால் படகுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். அடியில் கிடக்கும் ஈயத்துக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது. கம்பு நுனியிலிருந்து நரம்பு சரிவாக இறங்கி, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். நைலான் நரம்பு, அதுவும் எதிர்வெயிலில், காத்தாடியின் மாஞ்சா நூல் தெருவில் குறுக்கே கிடப்பதுபோல: பட்ட பிறகுதான் தெரியும். இழுத்துக் கட்டிய நரம்பில் பரிசல் விளிம்பைத் தாண்டித் தொங்கும் குழந்தையின் விரல் சிக்கினால் அறுத்துவிடும். கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு வருவது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம்தான். தூண்டில் கம்புகள் கண்ணில் பட்ட இடத்தில் கையை உள்ளே எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பரிசலின் பக்கம். கரையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, துடுப்பு கையில் இருக்கிறதே, கொஞ்சம் விலகிப் போனால் என்ன என்றுதான் தோன்றும். பரிசலில் ஏறித் துடுப்பை வாங்கிப் பார்த்தவருக்கு அந்தக் கோபம் வராது. மூங்கில் பட்டைகளைப் பின்னி, வட்டமாகக் கூடைபோல முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கு ஒட்டித் தார் பூசியிருப்பார்கள். முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்றில்லை. அடி தட்டை. நேராகப் பிடித்து நிறுத்த நடுமுதுகுக் கட்டையோ சுக்கானோ கிடையாது. பரிசல்காரர் போகிற திசையைப் பார்த்து விளிம்பருகே குந்தி, துடுப்பை எதிரே நீட்டித் தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுக்கிறார். இழுப்பு இம்மி சாய்ந்தாலும் பரிசல் திரும்புகிறது. விட்டுவிட்டால் தானே சுற்றிக்கொண்டு ஓட்டத்தோடு போகிறது. ஆறு பேரை ஏற்றிய பரிசல் இறங்கு ஓட்டத்தில் வந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்த வழி கிடையாது. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போக மட்டும் முடியும். அதற்கும் தூரம் வேண்டும், நேரம் வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், யார் யாருக்கு வழிவிடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான விடை ஒன்றுதான் உண்டு. அந்த நேரத்தில் எவருக்கு நகர்வது சுலபமோ அவர் விலக வேண்டும். படகு எப்போதும் விலகட்டும் என்று கரைக்காரர்களும், ஆறு போகிற பாதை என்று படகுக்காரர்களும் சொல்லிக்கொள்வது இரண்டுமே பாதிதான் சரி.

மோட்டார் படகுக்கு வேகத்தைக் குறைக்க முடியும், நிற்க முடியும், பின்னால் போகவும் முடியும். ஆகவே அது விலகியே ஆக வேண்டும். கரையில் இருப்பவர் கம்பை அசைக்கவும் தேவையில்லை. இதில் படகுக்காரரின் சொந்த நலனும் இருக்கிறது. நரம்பு படகின் உந்துவிசிறியில் சுற்றினால் தண்டுவரை ஏறி, எண்ணெய் கசியாமல் இருக்கப் போட்டிருக்கும் ‘சீல்’ வளையத்தை அறுக்கும். அந்தச் செலவை நரம்பின் விலையோடு ஒப்பிடவே முடியாது. கயாக்கும் அப்படித்தான். ஒரு ஆள், இரண்டு பக்கத் துடுப்பு, நினைத்த இடத்தில் திரும்பும். கயாக் ஓட்டுகிறவர் ‘என்னால் முடியவில்லை’ என்று சொன்னால், அந்த ஓட்டத்தில் அவர் இறங்கியிருக்கக் கூடாது என்று அர்த்தம்.

ஆள் ஏற்றிய பரிசல் இறங்கு ஓட்டத்தில் வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அப்போது கரைக்காரருக்குத்தான் வேலை சுலபம். நரம்பைச் சுருட்டிக்கொள்ளலாம், அல்லது கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடிக்கலாம். நுனி உள்ளே போனால் நரம்பும் கூடவே தாழ்ந்து அடியோடு படிந்துவிடும். பரிசல் தண்ணீரில் அரையடிகூட அமிழ்வது அரிது. மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். துடுப்பு மட்டும் ஒரு கை ஆழம் இறங்கும், ஆகவே அந்த இடத்தைக் கடக்கும் சில நொடிக்குப் பரிசல்காரர் துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு ஓட்டத்தோடு விட்டுவிட வேண்டும். இருவரும் ஒருமுறை இப்படிச் செய்து பார்த்துவிட்டால் முள்ளும் அசையாது, சவாரியும் நிற்காது.

மீன் மாட்டிக் கம்பு வளைந்து நிற்கும்போது மட்டும் இது பொருந்தாது. அந்த நிமிஷம் தூண்டில்காரரால் எதுவும் செய்ய முடியாது. சுருட்டவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. மீன் எந்தப் பக்கம் ஓடும் என்று அவருக்கே தெரியாது. வளைந்த கம்பைத் தூரத்தில் பார்த்ததும் பரிசல் எதிர்க்கரைப் பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மீன் பார்க்க ஆசை இருக்கும். மீன் கரை ஏறிய பிறகு கிட்டே போய்க் காட்டலாம், பெரும்பாலான தூண்டில்காரர்கள் பெருமையாகவே தூக்கிக் காட்டுவார்கள்.

கடலில் கப்பல்களுக்கு 1972-ல் வகுத்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் உண்டு. வலையோ நீண்ட தூண்டில் வரிசையோ போட்டதால் திரும்ப முடியாமல் நிற்கும் மீன்பிடிக் கலத்துக்கு மற்றக் கலங்கள் வழிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. ஓடிக்கொண்டே இரண்டு தூண்டில் நரம்பைப் பின்னால் இழுத்துவரும் படகுக்கு அந்தச் சலுகை இல்லை, காரணம் அதனால் திரும்ப முடியும். திரும்ப முடியுமா என்பதுதான் அங்கேயும் அளவுகோல். கரையில் நிற்கிறவரைப் பற்றி அந்த விதிகள் பேசவே இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஆறு ஏரிகளில் இன்ஜின் இல்லாத படகு ஓட்ட எல்லாருக்கும் உரிமை கொடுத்தது, கூடவே பொறுப்போடு நடந்துகொள் என்ற நிபந்தனையையும் வைத்தது. பக்கத்து இங்கிலாந்திலோ ஆற்றங்கரை நிலக்காரர்களும் தூண்டில் சங்கங்களும் ஒரு பக்கம், துடுப்புப் படகுக்காரர்கள் மறுபக்கம் என்று பல ஆறுகளில் இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நம் காவிரியில் இதைச் சட்டம் வந்து தீர்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாய் இருக்கிறது.

அந்த வாயை எப்போது திறப்பது என்பதுதான் முக்கியம். நரம்பு மாட்டிய பிறகு கத்துவதில் பயனில்லை. பரிசலுக்கு இன்ஜின் சத்தம் கிடையாது, மேல் ஓட்டத்திலிருந்து பூனைமாதிரி வந்துவிடும். ஆகவே தூண்டில்காரர் முகத்தை மேல் ஓட்டப் பக்கம் வைத்து உட்கார வேண்டும், வீசும் முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பரிசல்காரர் கம்பைக் கண்டதும், கூப்பிடு தூரத்திலேயே, ‘அண்ணா, நரம்பு எங்க கிடக்குது?’ என்று குரல் கொடுக்க வேண்டும். சங்கமத்தில் பெரும்பாலும் கன்னடத்தில், ‘தார எல்லிதெ அண்ணா?’ என்று போதும். கரையிலிருந்து, ‘வெளிப்பக்கமா போங்க’ என்றோ ‘இப்படியே வாங்க, தாழ்த்திக்கிறேன்’ என்றோ ஒரு பதில். நம் பக்கத்துக் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்துதான் இருக்கும். மொழி தெரியாதவரிடம் கையை வெளிப்பக்கமாக வீசிக் காட்டினால் புரியும். தெரியாமல் நுழைந்த பரிசலைப் பார்த்து முதல் வார்த்தையே வசவாக விழுந்தால், அடுத்த பரிசல் கேட்காமலே நுழையும். இதைப் பலமுறை பார்க்கலாம்.

வீச்சைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படகுக்கு மேலாகவோ படகின் திசையிலோ எக்காரணம் கொண்டும் வீசக் கூடாது. ஈயக்குண்டு வேகத்தில் வந்து நெற்றியில் பட்டால் மண்டை உடையும். கண்ணில் முள் பட்டால் அந்தக் கண் போய்விடும். படகு தன் நீரைக் கெடுத்துவிட்டது என்ற எரிச்சலில் ‘பயமுறுத்த’ வீசுகிறவர்கள் உண்டு. அவர்களோடு வந்தவர்களே கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

சத்தம் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பரிசலில் பேசினாலே மீன் ஓடிவிடும் என்று கரைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். காற்றில் எழுகிற பேச்சுச் சத்தத்தில் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மீனைக் கலைப்பது படகின் அடியில் காலை ஓங்கி வைக்கிற அதிர்வும், துடுப்பைத் தண்ணீரில் அடிக்கிற சத்தமும். நீருக்குள் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. மீனின் இரண்டு விலாவிலும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு சிறு அசைவையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே மெல்லப் பேசிக்கொண்டு போகலாம், குதிக்கக் கூடாது. பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிடச் சொல்லிக் கேட்பது எல்லாருக்கும் வழக்கம். அதை ஆளில்லாத அகன்ற நீரில் வைத்துக்கொள்ள வேண்டும். தூண்டில் போட்டிருக்கும் மடுவுக்கு எதிரே வேண்டாம். ஒரு சுற்றல் அந்த மடுவை நெடுநேரத்துக்குக் கலைத்துவிடும்.

கரைக்காரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு, அதைப் பலர் மறக்கிறார்கள். பரிசல் துறை பரிசலுக்கு உரியது. அங்கே ஆழமும் நிழலும் நன்றாக இருக்கிறது, சவாரிக்காரர்கள் சிந்தும் தின்பண்டத்துக்கு மீனும் கூடுகிறது என்று துறையிலேயே முள்ளைப் போட்டால், வெறுங்காலோடு இறங்கும் குழந்தை மிதிக்கும். குளிக்கும் படியும் அப்படித்தான். சங்கமத்திலும், பஸ்சிமவாஹினியிலும், நிமிஷாம்பா கோயில் படித்துறையிலும் ஜனங்கள் இறந்தவர்களுக்காக வந்து நிற்கிறார்கள். பிண்டம் கரைத்த இடத்தில் மீன் கூடும் என்பது தெரிந்தாலும், அந்தக் குடும்பம் ஈரத் துணியோடு நிற்கும்போது பக்கத்தில் கம்பை நீட்டுவது பண்பில்லை. ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்தில் இதே காவிரியில் கோயிலை ஒட்டிய நீரில் மீனே பிடிக்கக் கூடாது என்று காத்துவருகிறார்கள். பெரிய பெரிய மாசீர் மீன்கள் பயமில்லாமல் மேலே வருகின்றன.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் இன்னும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அங்கே பரிசல் பாறைச் சுவர்களுக்கு நடுவே இடுக்கில் போகிறது. விலகுவதற்கு இடமே இல்லை, மேலே பாறையில் தூண்டிலோடு ஆள் இருக்கலாம். அப்படிப்பட்ட இடுக்கில் பரிசலுக்கே முழு முன்னுரிமை. பரிசல் கண்ணில் படும்போதே நரம்பைச் சுருட்டிவிட வேண்டும். உயிர்காப்பு மேலாடையைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொள்ளாமல் கட்டிக்கொள்வதும் இதில் அடக்கம். தூண்டில் நரம்பில் சிக்கிய துடுப்பைப் பரிசல்காரர் விடுவித்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் பரிசல் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

சவாரிக்காரர், பொழுதுபோக்குத் தூண்டில்காரர் ஆகிய இருவருமே ஒதுங்க வேண்டிய மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர். மாலையில் பரிசலில் போய் வலை கட்டிவிட்டுக் காலையில் எடுப்பார். வலையின் மேல்கயிற்றுக்கு அடையாளமாகத் தெர்மோகோல் துண்டு, காலித் தண்ணீர் பாட்டில், பழைய செருப்புத் துண்டு எது கிடைத்தாலும் கட்டியிருப்பார். வரிசையாக மிதக்கும் இந்தத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்து அதன்மேல் போகக் கூடாது, இழுத்துப் பார்க்கவும் கூடாது. வலை கிழிந்தால் அன்றைய வருமானத்தோடு பல நாள் வேலையும் போகிறது. நமக்கு ஞாயிறு, அவருக்கு அடுப்பு. இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பதா என்ற விவாதமே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

தூண்டிலே போடக் கூடாத நீரும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ரங்கனதிட்டு 1940-ல், சாலிம் அலி எடுத்துச் சொன்னதன்பேரில், பறவைச் சரணாலயமானது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வனத்துறைப் படகில் போகலாம், அதுவும் அவர்கள் விட்ட பாதையில்தான், தூண்டில் கூடாது. கீழே, காவிரி வனவிலங்குச் சரணாலயத்துப் பீமேஸ்வரி, காலிபோரே பகுதிகளின் கதை வேறு. உலகம் முழுவதிலுமிருந்து மாசீர் பிடிக்க ஆட்கள் வந்த நீர் அது. மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்து பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் 1946-ல் கபினி ஆற்றில் பிடித்த 120 பவுண்டு மாசீர்தான் இன்றும் பேசப்படும் பெரிய மீன். பின்னாளில் பீமேஸ்வரிப் பகுதியில் பிடித்த மீனை எடைபார்த்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடும் வழக்கம் வந்தது. சரணாலயத்தில் தூண்டில் போடுவது 2010-களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. 2018-ல் அங்கே வாழும் திமில் மாசீர் என்ற இனத்தின் அறிவியல் பெயர் உறுதியானது, அதே ஆண்டில் அழியும் தறுவாயில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது.

பீமேஸ்வரிப் பக்கம் இருந்த தூண்டில் முகாம்களை இங்கே சொல்ல இன்னொரு காரணம் உண்டு. அங்கே பரிசலும் தூண்டிலும் எதிரெதிராக இருந்ததில்லை. விருந்தாளி பாறையில் நின்று மீனோடு மல்லுக்கட்டுவார். மாசீர் பாறையிடுக்கில் புகுந்து நரம்பை மாட்டிவைத்துவிடும். உள்ளூர் வழிகாட்டி பரிசலை எடுத்துக்கொண்டு நரம்பைப் பிடித்தபடியே போய், எந்தக் கல்லில் சிக்கியிருக்கிறது என்று பார்த்து வேறு கோணத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பார். நரம்பு எங்கே போகிறது, எந்தப் பக்கம் துடுப்பு போட்டால் தட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாக இருந்தது. நாம் கேட்கும் ஒழுங்கு அந்தப் படகுக்காரர்களிடம் தொழில் திறமையாகவே இருந்தது.

ஆற்றைப் பற்றிய செய்தியைப் பகிர்ந்துகொள்வதும் இந்த ஒழுங்கில் சேரும். மேலே கிருஷ்ணராஜசாகர் இருக்கிறது, முழுக் கொள்ளளவு மட்டம் 124.80 அடி. அணை நிறைந்து மதகு திறந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தண்ணீர் ஏறும். அறிவிப்பு வந்திருந்தால் யாரும் இறங்கக் கூடாது. அறிவிப்பு காதில் விழாத நாளிலும் ஆறு சொல்லும்: காய்ந்திருந்த கல் நனையும், தெளிந்த நீர் கலங்கும், நுரையும் சருகும் திடீரென்று சேர்ந்து வரும். ஒரே கல்லைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரர்தான் இதை முதலில் கவனிப்பார். கையை உயர்த்திப் பரிசலைக் கரைக்குக் கூப்பிட வேண்டியது அவர் கடமை. முதலை விஷயத்தில் இது திரும்பும். இந்தப் பகுதிக் காவிரியில் முதலை உண்டு. எந்தத் திட்டில் வெயில் காய்ந்தது, எந்தப் பக்கம் நீருக்குள் இறங்கியது என்பது ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கிற பரிசல்காரருக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடுகிறவரிடம் அவர் சொல்லாமல் போகக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நரம்பு மாட்டத்தான் செய்யும். மாட்டினால் இருவருமே இழுக்கக் கூடாது. கரைக்காரர் ரீலைத் திறந்து நரம்பைத் தளர்த்த வேண்டும்; பரிசல்காரர் துடுப்பை உள்ளே வைத்துவிட்டு, முள் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, பிறகுதான் நரம்பில் கை வைக்க வேண்டும். ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் யோசிக்காமல் அறுத்துவிடலாம். ஒரு முள்ளும் ஈயமும் போனதற்குச் சண்டை வேண்டாம், அறுத்தவர் கரைக்கு வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் நல்லது. முள் யாருடைய தோலிலாவது கொளுவிப்போய் உள்ளே இறங்கிவிட்டால் பிடுங்கக் கூடாது. அதற்கு எதிர்வளைவு உண்டு, சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் அறுத்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அறுந்த நரம்பை ஆற்றில் விடக் கூடாது. ரங்கனதிட்டில் கூடு கட்டும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இரைக்கு அங்கேயே இருப்பதில்லை, ஆற்றோரமெல்லாம் அலைகின்றன. கரைமரத்தில் தொங்கும் ஒரு முழ நைலான், காலில் சுற்றினால் பறவை அங்கேயே தலைகீழாகத் தொங்கிச் சாகும். கையிலிருக்கும் துண்டு நரம்பைக் குச்சியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாம். தண்ணீருக்கு மேல் சாய்ந்த எட்டாக் கிளையில் மாட்டியதைப் பரிசலில் போய்த்தான் எடுக்க முடியும். அந்த உதவியைக் கேட்கக் கரைக்காரர் தயங்க வேண்டாம், பரிசல்காரர் மறுக்கவும் வேண்டாம்.